பின்னால் ஹாரன் இல்லாத 44 கிலோமீட்டர்

சாலையில் சைக்கிள் ஓட்டுபவரின் கண் முன்னால் இருக்கும்; காது பின்னால் இருக்கும். வருவது பைக்கா, பஸ்ஸா, லாரியா, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று அந்தக் காது ஓயாமல் கணக்குப் போடும். பலர் சைக்கிளை விட்டுவிடுவதற்குக் கால் வலி காரணமல்ல. இந்தக் கணக்குதான் காரணம்.

பிரான்ஸின் லியோன் நகரில் வசிக்கும் 70 வயதுப் பாட்டி ஒருவரின் கதையும் அதுதான். பல வருடங்களுக்கு முன்பு, ஒரு மழை நாளில், ஒரு லாரி அவரை உரசுவதுபோல் கடந்து போனது. அவர் விழவில்லை, அடியும் படவில்லை. ஆனால், அன்று மாலை சைக்கிளை நிறுத்திப் பூட்டியவர், அதன்பிறகு அதைத் தொடவே இல்லை. கேட்டவர்களிடம் எல்லாம் "முழங்கால் சரியில்லை" என்றே சொல்லிவந்தார்.

ஒன்பது வயதுப் பேத்தி மட்டும் அதை நம்பவில்லை. "முழங்கால் வலிக்கிறவங்க மூணு மாடி ஏறி வருவாங்களா?" என்று கேட்டாள். பாட்டியிடம் பதில் இல்லை. ஒரு கோடை விடுமுறையில் இருவரும் இரண்டு சைக்கிள்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு, வடக்கே பர்கண்டி பகுதியில் இருக்கும் ஷாலோன் நகரத்துக்குக் கிளம்பினார்கள். அங்கிருந்து ஜிவ்ரி என்ற ஊர் பக்கம்தான். ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர். இரண்டு நாளில் முடிக்க வேண்டும் என்பது திட்டம். முடியாவிட்டால் திரும்பிவிடலாம் என்பது பாட்டி யாரிடமும் சொல்லாத திட்டம்.

ரயில் போன வழி

ஜிவ்ரி - க்ளூனி பாதையில் கார் வராது, பைக் வராது. நடப்பவர்கள், சைக்கிள், ஸ்கேட்டிங் போகிறவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் ஆகியோருக்கு மட்டுமே இடம். இப்படிப்பட்ட பாதையை பிரான்ஸில் 'வ்வா வெர்த்' என்கிறார்கள். 'பசுமைப் பாதை' என்று பொருள். 2004-ல் இதற்கென்று போக்குவரத்துச் சட்டத்திலேயே ஓர் இடம் கொடுத்துவிட்டார்கள். ஆனால், ஜிவ்ரி - க்ளூனி பாதை அதற்கும் முந்தியது. 1997-ல் திறக்கப்பட்ட இதைத்தான் பிரான்ஸின் முதல் பசுமைப் பாதை என்று சொல்கிறார்கள்.

பாதை புதிது என்றாலும் வழி பழையது. இது ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். 1879-ல் பிரான்ஸின் பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்த ஷார்ல் த ஃப்ரெஸினே, நாட்டின் சிறு நகரங்களையும் ரயிலால் இணைக்க ஒரு பெரும் திட்டம் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் கிராமப்புறங்களில் கிளை ரயில் பாதைகள் வலைபோலப் பின்னப்பட்டன. பிறகு பஸ் வந்தது, கார் வந்தது. 20-ம் நூற்றாண்டில் அந்தக் கிளைப் பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு மிஞ்சியது, ஊர் ஊராக நீளும் ஒரு ஒல்லியான நிலம். அதன்மேல் தார் போட்டதுதான் இந்தப் பாதை.

முழங்காலுக்கு பயந்தவர்களுக்கு இதில் ஒரு நல்ல சேதி உண்டு. ரயில் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் 100 மீட்டர் தூரத்துக்கு இரண்டு, மூன்று மீட்டருக்கு மேல் ஏற்றம் வராமல் குன்றை வெட்டியும் பள்ளத்தை மேடாக்கியும் தடம் போடுவது ரயில்வேயின் வழக்கம். சுற்றிலும் குன்றுகள் இருந்தாலும் சைக்கிள் ஓட்டுபவரின் காலுக்கு அவை தெரிவதே இல்லை. அன்று எஞ்சினுக்காக வெட்டிய மண்ணின் பலன், இன்று ஒரு பாட்டியின் முழங்காலுக்குப் போய்ச் சேருகிறது.

காது திரும்பக் கிடைத்தது

முதல் ஐந்து கிலோமீட்டர் வரை பாட்டி பேசவே இல்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. பிறகு ஒரு கணத்தில், திரும்பிப் பார்ப்பதையே மறந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் மற்ற சத்தங்கள் கேட்க ஆரம்பித்தன. டயருக்கு அடியில் காய்ந்த இலை நொறுங்குவது, வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று நிற்கும் ஷரோலே மாடுகள் புல்லை இழுத்துக் கடிப்பது, திராட்சைத் தோட்டத்துக்கு மேலே எங்கோ ஒரு தேவாலய மணி.

எதிரில் வருகிற எல்லோரும் "போன்ஜூர்" சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். முதலில் வெட்கப்பட்ட பேத்தி, பத்தாவது ஆளுக்குள் முந்திக்கொண்டு சொல்லப் பழகிவிட்டாள்.

நிழல் மட்டும் இருந்தால் போதாதல்லவா? மதியம் 12 மணிக்கு மேல் கிராமத்துக் கடைகள் மூடிவிடுகின்றன. இரண்டு மணி வரை ஒரு ரொட்டிகூடக் கிடைப்பது கஷ்டம். காலையிலேயே வாங்கி வைத்துக்கொண்டவர் பிழைத்தார். தண்ணீருக்கு ஒரு வழி இருக்கிறது. பிரான்ஸில் கிராமங்களைச் சுற்றும் சைக்கிள் பயணிகள் எல்லோருக்கும் தெரிந்த வழி: கல்லறைத் தோட்டம். பூச்செடிகளுக்கு ஊற்ற அங்கே பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். குடிக்கத் தகாத தண்ணீர் என்றால் பலகையில் எழுதியிருப்பார்கள். பேத்தி முதலில் உள்ளே வர மறுத்தாள். "செத்தவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, வா" என்று பாட்டி முன்னால் நடந்தார்.

பாதை முழுவதும் பயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஊருக்கு ஊர் தார்ச்சாலை குறுக்கே வருகிறது. அந்த இடங்களில் பாட்டியின் பழைய காது உடனே திரும்பி வந்துவிடும். "நில்லு. இறங்கு. ரெண்டு பக்கமும் பாரு." அவர் குரல் மாறுவதைப் பேத்தி கவனித்தாள். மூன்றாவது சந்திப்பில் அவளே முன்னால் இறங்கி நின்று, பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள். முழங்கால் கதையைப் பற்றி அதன்பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

கிடைத்ததும் போனதும்

பாதித் தூரத்துக்கு மேல் கடந்தபிறகு, சேன் ஜான்கு என்ற ஊரில் இரவு தங்கினார்கள். வீட்டிலேயே அறை வாடகைக்கு விடும் ஒரு குடும்பம் இடம் கொடுத்தது. அங்கேதான் பாட்டி, சின்ன வயதில் இதே தடத்தில் தன் அம்மாவோடு ரயிலில் வந்ததைச் சொன்னார். அம்மாவுக்கு இந்தப் பக்கத்தில்தான் சொந்த ஊர். சந்தை நாளில் ரயிலில் கோழிக்கூடைகள்கூட வரும் என்றார்.

"இப்ப அந்த ஊருக்கு எப்படிப் போவாங்க?" என்று கேட்டாள் பேத்தி.

"கார்ல."

"கார் இல்லாதவங்க?"

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். "அவங்க யாராவது கூட்டிட்டுப் போகணும்னு காத்திருப்பாங்க."

பசுமைப் பாதையைப் பற்றிப் பேசும்போது பலரும் விட்டுவிடுகிற பக்கம் இது. கோடையில் சைக்கிளில் வருபவருக்கு இது சொர்க்கம். டிசம்பர் மாதக் குளிரில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கிராமத்து முதியவருக்கு, லைசென்ஸ் வாங்க வயது வராத மாணவனுக்கு, மூடப்பட்ட ரயிலுக்கு ஈடாக ஒரு சைக்கிள் பாதை போதாது. பாதையால் கடைகளுக்கும் அறைகளுக்கும் ஆட்கள் வருகிறார்கள் என்பது உண்மை. ரயில் போனதால் ஊரைவிட்டு ஆட்கள் போனார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தப் பாதையின் முழுக்கதை கிடைக்கும்.

மறுநாள் கோர்மத்தான் ஊரின் கோட்டை மாளிகையையும், உலகம் முழுவதிலிருந்தும் இளைஞர்கள் பிரார்த்தனைக்குக் கூடும் தெய்ஸே குன்றையும் கடந்து, மாலையில் க்ளூனி வந்து சேர்ந்தார்கள். 44 கிலோமீட்டர் முடிந்தது. பேத்திக்கு ஐஸ்கிரீம் வேண்டும். பாட்டிக்கு உட்கார ஒரு திண்ணை வேண்டும். க்ளூனியைத் தாண்டி, மாகோன் திசையில், இதே பழைய தடம் 1.6 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சுரங்கப்பாதைக்குள் போகிறது. வௌவால்கள் குளிர்காலத்தைத் தூங்கிக் கழிப்பதற்காக, அந்த மாதங்களில் அதை மூடிவிடுவார்கள். "அடுத்த வருஷம் அது" என்றாள் பேத்தி. பாட்டி மறுக்கவில்லை.

விற்காமல் வைத்தது

க்ளூனியில் பயணிகள் பார்க்கும் முக்கியமான இடம், 910-ல் தொடங்கப்பட்ட மடம். அதன் தேவாலயம், ரோமில் இப்போதுள்ள புனித பீட்டர் தேவாலயம் எழும் வரை, கிறிஸ்தவ உலகத்திலேயே பெரியது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அது விற்கப்பட்டது. வாங்கியவர்கள் கல்லைப் பெயர்த்து விற்றார்கள். இன்று நிற்பது ஒரு சிறு பகுதிதான். மீதி எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைத் தரையில் காலால் நடந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இங்கே வந்து முடிகிற ரயில் தடத்துக்கும் அதே கதி நேர்ந்திருக்கலாம். ஒரு கிலோமீட்டரை ஒரு விவசாயிக்கும், அடுத்ததை ஒரு வீட்டுக்காரருக்கும், அதற்கடுத்ததை ஒரு கிடங்குக்கும் விற்றிருந்தால், இன்று அதை எந்தப் பணத்தாலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது. ஒரு பாதையின் மதிப்பு அதன் அகலத்தில் இல்லை, அறுபடாத நீளத்தில் இருக்கிறது. தடம் ஒன்றாக இருக்கும் வரை அதில் சைக்கிள் ஓடலாம். நாளைக்கு அந்த ஊர்களுக்கு மீண்டும் ரயில்தான் வேண்டும் என்றால், அதையும் யோசித்துப் பார்க்கலாம்.

எந்த ஊராக இருந்தாலும், பயன்படாமல் புல் முளைத்துக் கிடக்கும் ஒரு பழைய ரயில் தடமோ, கால்வாய்க் கரையோ கண்ணில் பட்டால், "இது யாருக்கு?" என்று கேட்பதற்கு முன்பு, "இது எதுவரை போகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். சாலைக்கு பயந்து சைக்கிளைப் பூட்டி வைத்த ஒருவர், அதன் இன்னொரு முனை வரை போய் வர ஆசைப்படலாம்.