காற்று புகுந்த வழி

1984-ஆம் ஆண்டில் எங்கள் லாரிக்கு வேறு என்ஜின் பொருத்தினோம். பழையது இனியொரு ரீபோருக்குத் தாங்காது என்றான பின், சென்னைப் புதுப்பேட்டையில் அதே கம்பெனியின் வேறு மாடல் ஒன்றை வாங்கி, தருமபுரியில் மேஸ்திரி மாமாவின் பட்டறையில் இறக்கினோம். பதிவுப் புத்தகத்தில் என்ஜின் எண்ணை மாற்றிக்கொண்டு, சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றி, பிஸ்மி சொல்லிப் பெங்களூருக்குப் புறப்பட்டோம்.

தொப்பூர்க் கணவாயை அறியாத லாரிக்காரர் இல்லை. அன்று 7 என்றும் இன்று 44 என்றும் எண் தாங்கிய தேசிய நெடுஞ்சாலை அது. தருமபுரியிலிருந்து இறங்குவோருக்கு உயிரச்சம். சேலத்திலிருந்து ஏறுவோருக்கு என்ஜினின் பரீட்சை. சமதரையில் சீராக ஓடிவந்த வண்டி பாதி ஏற்றத்தில் மூச்சு முட்டி நின்றது. பில்டரின் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தோம். நுரை நுரையாய்க் குமிழ் வந்தது. அது அடங்கித் தெளிந்த டீசல் வந்தபின் வண்டி கிளம்பியது. இரண்டு வளைவு தாண்டி மீண்டும் நின்றது. நள்ளிரவுவரை இதே கதை. கடைசியில் மூட்டைகள் வேறு லாரிக்கு மாறின. வாடகையும் அதோடு போயிற்று.

டீசல் என்ஜினுக்குக் காற்றுப் பகையானது ஒரு வேடிக்கை. ருடால்ப் டீசல் முதலில் அமைத்த என்ஜின்களில் எண்ணெயைச் சிலிண்டருக்குள் ஊதி அனுப்பியதே அழுத்தப்பட்ட காற்றுத்தான். 1927-இல் ராபர்ட் பாஷ் நிறுவனம் பம்புகளைப் பெருவாரியாகத் தயாரிக்கத் தொடங்கிய பிறகே, எண்ணெயைத் தனியே அழுத்திப் பாய்ச்சும் முறை லாரிகளில் பரவியது. எண்ணெய் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கும். எங்கள் வண்டி போன்றவற்றில் நாசில் திறக்க வளிமண்டலத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தம் வேண்டும். இடையில் குமிழ் புகுந்தால் பம்பின் தள்ளுதலை அதுவே விழுங்கிவிடும்.

அன்று இதையெல்லாம் யார் எண்ணிப் பார்த்தார்? பம்பை மாட்டி டைமிங் வைத்தவர் மாமா. எனவே குற்றம் அவருடையதே என்று தீர்ப்பெழுதிவிட்டோம். பாக்கிக் கூலியை நிறுத்தினோம். கூலியைத் தாமதிக்கலாகாது என்று மிம்பரிலிருந்து பலமுறை கேட்டவர்கள்தாம் நாங்கள். அவரிடம் சொல்லாமலே பம்பைக் கழற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோய்ச் சோதனை மேடையில் ஏற்றினோம். ஆறு குழாய்களும் ஒரே அளவு எண்ணெய் தந்தன. பம்பில் பழுதில்லை என்றார்கள். அடுத்த பாரமும் தொப்பூரில் நின்றது.

அத்தாதான் மாமாவை அழைக்கச் சொன்னார்கள். பஸ்ஸேறித் தொப்பூருக்கே வந்த மாமா கூலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒரு தகரக் கேனில் டீசல் நிரப்பி, உயரமாகக் கட்டி, டாங்கிக் குழாயை விலக்கிவிட்டு, கேனிலிருந்து நேரே ஃபீட் பம்புக்கு வேறு குழாய் விட்டார். "இப்போ ஏத்திப் பாருங்க, தம்பி" என்றார். முழுப் பாரத்தோடு வண்டி ஒரே மூச்சில் கணவாய் ஏறியது. பழுது டாங்கிக்கும் பம்புக்கும் இடையில்தான்.

இடையில் இருந்தது எங்கள் கைவேலை. புது என்ஜினில் ஃபீட் பம்ப் சற்றே முன்னால் அமைந்திருந்ததால் பழைய குழாய் எட்டவில்லை. புதுக் குழாய் வாங்கச் சொல்லியிருந்தார் மாமா. சில ரூபாய்களை மிச்சம் பிடிக்க, பழைய ரப்பர்த் துண்டைச் செருகிக் கம்பியால் முறுக்கியவர்கள் நாங்களே. அங்கே ஒரு சொட்டும் ஒழுகவில்லை. அதனால் ஐயமும் எழவில்லை. உறிஞ்சும் பக்கத்து ஓட்டை, ஓடும் வண்டியில் எண்ணெயைச் சிந்தாது. காற்றை உள்ளே இழுக்கும். ஏற்றத்தில் என்ஜின் முழு எண்ணெய் கேட்கும்போது இழுப்பும் மிகும், காற்றும் மிகும். இன்றைய லாரிகளில் கணினி பழுதைக் குறியெண்ணாகக் காட்டுகிறது. அதுவும் அழுத்தம் குறைவென்று சொல்லுமே தவிர, யார் முறுக்கிய கம்பி என்று சொல்லாது.

மறுநாள் கூலியோடு பட்டறைக்குப் போனோம். மாமா எண்ணாமலே வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். வேலையில் குனிந்தபடியே, "சேலத்துல பம்ப் நல்லாயிருக்குன்னு சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னார்கள் என்றோம்.