இரண்டரைக் குடம் கடல்

போளூரில் பேருந்து ஏறியதும் பக்கத்து இருக்கைக்காரர் எங்கே இறங்கணும் என்று கேட்டார். ஜமுனாமரத்தூர் என்றேன். "பீமன் அருவியில இப்ப தண்ணி கம்மியா இருக்குமே" என்று எனக்காக வருத்தப்பட்டார். கடல் பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

தை மாதக் காலை. வளைவுக்கு வளைவு குளிர் கூடிக்கொண்டே வந்தது. ஜவ்வாது மலைக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே, பறவை பறக்கும் தூரம்கூட நூறு கிலோமீட்டருக்கு மேல். இந்த மலையில் சாமை விளையும், பலா பழுக்கும், தேன் கிடைக்கும். உப்பு மட்டும் கீழேயிருந்துதான் வரவேண்டும்.

ஊரைத் தாண்டி ஓர் ஓட்டு வீடு. பள்ளியில் அறிவியல் நடத்துகிறவர் என்பதால் ஊரில் எல்லோருக்கும் அவர் 'சார்'. எனக்கும் அப்படியே இருக்கட்டும். "வாங்க. கையில சென்ட், சானிடைசர் ஏதாவது போட்டிருக்கீங்களா? முதல்ல கழுவிடுங்க" என்பதுதான் வரவேற்பு. சோப்பு வேண்டாம், வெறும் தண்ணீர் போதும் என்று பின்குறிப்பு வேறு.

உள்ளறையில், தரையோடு சேர்த்துக் கட்டிய சிமென்ட் திட்டின்மேல் நான் பார்க்க வந்த கடல் இருந்தது, ஒரு கண்ணாடித் தொட்டியில். நீளம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர், அகலமும் உயரமும் இருபத்தெட்டு. கல்லும் மேலே விட்ட இடைவெளியும் போக முப்பது லிட்டர் நிற்கும். நம் வீட்டுக் கணக்கில் இரண்டரைக் குடம். நீல விளக்கின் கீழே பச்சையும் ஆரஞ்சுமாகப் பொத்தான் பொத்தானாக விரிந்திருந்தவை ஜோவாந்திடுகள் என்ற கடல் உயிரினங்கள். தட்டையாகக் கல்லோடு ஒட்டியிருந்தவற்றுக்குப் பெயர் காளான். ஒரு மூலையில் ஜீனியா என்ற மென்பவளம், குழந்தை கையை மூடி மூடித் திறப்பதுபோலத் தன் சின்னக் கைகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நடுக்கல்லின் உச்சியில், விரல் நுனிகள் குமிழாக உப்பிய ஒரு கடல் சாமந்தி.

மீன் ஒன்றுகூட இல்லை. வாசலில் சுள்ளிக் கட்டை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்த பாட்டியும் அதையேதான் கேட்டார். "இத்தினி வெளிச்சம் போட்டு வச்சிருக்க, மீனு எங்க சார்?" தினமும் கேட்பாராம். சாரும் தினமும் சிரிப்பாராம்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் உள்ள கணக்கை எனக்குச் சொன்னார். மீன் போட்டால் தீனி போட வேண்டும். தீனி போட்டால் கழிவு. கழிவிலிருந்து அம்மோனியா. கல்லில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். அந்தக் கூட்டம் பெருகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஒரு மீன் செத்து அழுகி அந்தக் கூட்டத்தின் சக்தியைத் தாண்டிப் போவதற்கு ஒரு ராத்திரி போதும். ஆயிரம் லிட்டர் தொட்டியில் செத்த மீனை நாளைக்கு எடுத்துப் போடலாம். இரண்டரைக் குடத்தில் நாளை என்று ஒன்று கிடையாது.

சின்னத் தொட்டிதானே, சுலபமாக இருக்கும் என்றுதான் கடைக்காரர்களும் சொல்கிறார்கள், புதிதாக வாங்குகிறவர்களும் நம்புகிறார்கள். நானும் நம்பியிருந்தேன். சார் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். முதல் பக்கத்திலேயே பெருக்கல் வாய்ப்பாடு போல ஒன்று. கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. முப்பது லிட்டருக்கு 1050 கிராம். ஒரு நாளில் அரை லிட்டர் ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. நான்கு நாள் கவனிக்காமல் விட்டால் அதே 1050 கிராம் 28 லிட்டரில் நிற்கும். லிட்டருக்கு 37.5. அந்த இடத்தில் ஜீனியா கை மூடிவிடும் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

அதனால் தொட்டிக்கு மேலே ஆணியில் ஒரு பாட்டில் தொங்குகிறது. ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏற்றுவார்களே, அதே டிரிப் குழாய். நிமிடத்துக்கு ஏழு சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்றால், ஒரு நாளைக்கு அரை லிட்டர். போனது வெறும் தண்ணீர், ஆகவே சேர்ப்பதும் வெறும் தண்ணீர். உப்புத் தண்ணீரை ஊற்றினால் கதை கந்தல். "ஐ.சி.யூ.ல வச்ச கடல்" என்றேன். அவர் சிரிக்கவில்லை, சொட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

தண்ணீரும் லேசுப்பட்ட விஷயமாக இல்லை. மலைத் தண்ணீர் குடிக்க இனிக்கும், ஆனால் பாறையிலிருந்து கரைந்த சிலிக்கா இருக்கும். முதல் வருடம் போர் தண்ணீரை அப்படியே ஊற்றியதில் கல், கண்ணாடி எல்லாம் பழுப்புத் தூள் பூத்ததாம். டயட்டம் என்ற நுண்பாசி. அதற்கு ஓடு கட்டச் சிலிக்கா வேண்டும், இவர் குடம் குடமாகக் கொடுத்திருக்கிறார். இப்போது ஆர்.ஓ. வைத்துவிட்டார். அதில் கழியும் தண்ணீர் கொல்லையில் கறிவேப்பிலைக்குப் போகிறது.

உப்பு சென்னை கொளத்தூரிலிருந்து வருகிறது, வாளியில். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன ஏரியா அது. மரக்காணம் அதைவிடப் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே விளைவதும் கடல் உப்புதானே என்று கேட்டேன். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாத்தியில் கடல் நீர் சுண்டும்போது முதலில் சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக அடியில் படிந்துவிடும். அப்புறம்தான் சமையல் உப்பு பூக்கும். அதை வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரில்தான் மக்னீசியம் எல்லாம் நிற்கும், அதை வடித்துவிடுவார்கள். ஆக, பாத்தியில் நாம் வாருவது கடலின் ஒரு பங்கைத்தான். கடல் உப்பில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு சமையல் உப்பில் உள்ள சோடியமும் குளோரைடும்தான். பவளமும் சாமந்தியும் உயிர் வாழ மீதிப் பதினைந்தும் வேண்டும். கொளத்தூர் வாளியில் அந்தப் பதினைந்துக்குத்தான் விலை.

பதினொரு மணிக்குச் சாமந்திக்குச் சாப்பாடு. வாரம் ஒரு முறைதான். திருவண்ணாமலையில் வாங்கி ஃப்ரீசரில் வைத்திருந்த இறாலில் துவரம்பருப்பு அளவு கிள்ளி, நீண்ட இடுக்கியால் விரல்கள்மேல் வைத்தார். தொட்ட விரல் ஒட்டிக்கொண்டது. பக்கத்து விரல்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மூளை என்று ஒன்று கிடையாது, முகம் கிடையாது. ஆனாலும் பந்தியில் இலையை மடக்குவதுபோல நிதானமாக மடங்கி இறாலை நடுவில் இருந்த வாய்க்குக் கொண்டுபோனது. ஐந்து நிமிடம் நாங்கள் இருவரும் பேசவில்லை.

இறால் ஒரு சிற்றுண்டிதான். அதன் அன்றாடச் சோறு உடம்புக்குள்ளேயே சமைக்கப்படுகிறது. சாமந்தியின் திசுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் சர்க்கரை செய்து வாடகையாகக் கொடுக்கின்றன. விளக்கு நீலமாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். தண்ணீரில் சிவப்பு சீக்கிரம் மங்கிவிடும், நீலம்தான் ஆழம்வரை இறங்கும். பாசியும் அந்த நீலத்துக்கே பழகியது. சூடு ஏறினால் இந்தக் குடித்தனம் கலைந்துவிடும். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடிச் சில வாரம் அப்படியே நின்றால் போதும், பவளம் தன் பாசியை வெளியேற்றி வெள்ளை எலும்பாகத் தெரியும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரிதாக நடந்தது அதுதான்.

இந்த விஷயத்தில் மட்டும் மலை சாருக்குச் சாதகம். சமவெளியில் இப்படித் தொட்டி வைப்பவர்கள் சித்திரை வெயிலில் தண்ணீரைக் குளிர்விக்க இயந்திரம் வாங்கி மின் கட்டணத்தில் மூழ்குகிறார்கள். பக்கத்துக் காவலூர் 725 மீட்டர் உயரம். இங்கே கோடைக்கு ஒரு சின்ன விசிறி போதும். தை மாதத்தில்தான் சிரமம். அன்று காலை ஹீட்டர் 25 பாகையில் பிடித்து நிறுத்தியிருந்தது. என் கைகள் இன்னும் சட்டைப் பையில்தான் இருந்தன.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். முன்பு வைத்திருந்த முதல் சாமந்தி அப்படிச் சாகவில்லை, அது நடந்து போய்ச் செத்தது என்றார். இருக்கும் இடம் பிடிக்கவில்லை என்றால் சாமந்தி பாதத்தால் நகரும், மணிக்குச் சில சென்டிமீட்டர். ராத்திரியில் நகர்ந்து போய் அலை எழுப்பும் மோட்டாரின் வாயில் உட்கார்ந்துவிட்டது. காலையில் தொட்டி முழுக்க மோர் கடைந்ததுபோல இருந்ததாம். ஜோவாந்திடுகளில் பாதியும் போயிற்று. "கதவைத் திறந்தவுடனே நாத்தம். மீன் மார்க்கெட் நாத்தம் இல்ல, அதைவிட மோசம்." இப்போது மோட்டாருக்குப் பஞ்சுக் கவசம். மின்வெட்டுக்குப் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார். அடுத்த சாமந்தியைக் கொண்டுவர அவர் பத்து மாதம் பொறுத்தார். அது கடலிலிருந்து பிடித்ததும் இல்லை. இந்த இனம் தானாகவே இரண்டாகக் கிழிந்து இரண்டு உயிராகும். சென்னை நண்பர் ஒருவரின் தொட்டியில் அப்படிப் பிரிந்த பாதி இது.

கடினமான கல் பவளம் ஒன்றுகூட இல்லையே என்று அப்போதுதான் கவனித்தேன். புலிக்கு எந்த அட்டவணையோ அதே அட்டவணை என்றார். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் கல் பவளங்கள் மொத்தமும் சேர்ந்தன. கடல் விசிறி, கரும்பவளம், நெருப்புப் பவளமும் கூடவே. வீட்டில் வைத்துக்கொள்வது குற்றம். அடியில் கிடக்கும் கல்கூட கடலில் எடுத்ததில்லை, சுட்டுச் செய்த செயற்கைக் கல்.

சட்டம் கொஞ்சம் தாமதமாக வந்தது என்பது என் அபிப்பிராயம். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே இருந்த 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது 1986இல். அதற்குப் பிறகும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஆலைக்கும் பவளக் கல்லை வெட்டி எடுத்தார்கள். சுனாமிக்குப் பின், 2005 வாக்கில்தான் அது நின்றது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் அதற்குள் நீருக்குள் போய்விட்டன. கண்ணாடித் தொட்டிக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. இங்கிலாந்தில் 1850களில் பிலிப் காஸ் எழுதிய புத்தகங்களைப் படித்துவிட்டு வீட்டுக்கு வீடு கடல் தொட்டி வைக்கும் மோகம் கிளம்பியது. கூடையோடு போன கூட்டம் கரையோரப் பாறைக் குட்டைகளை வழித்து எடுத்துவிட்டது. பிலிப்பின் மகன் எட்மண்ட் காஸ் 1907இல் எழுதிய நினைவுக் குறிப்பில் அந்த அழிவைச் சொல்லி வருந்தியிருக்கிறார்.

அதற்கு முன்பே, பக்கத்து நாட்டில், வேறு விதமாகவும் ஒருவர் செய்திருக்கிறார். ஸ்காட்லாந்தின் ஜான் டாலியல் 1828இல் கரையிலிருந்து ஒரு கடல் சாமந்தியை எடுத்துவந்து கண்ணாடி ஜாடியில் வைத்தார். மோட்டார் இல்லை, விளக்கு இல்லை. ஆள் அனுப்பிக் கடல் நீர் கொண்டுவரச் செய்து மாற்றினார், அவ்வளவுதான். 1851இல் அவர் இறந்தார். சாமந்தி இறக்கவில்லை. ஜாடி கைமாறிக் கைமாறி எடின்பரோவில் 1887 வரை இருந்தது. 'பாட்டி' என்று அதற்குப் பெயர். செத்தபோது பத்திரிகையில் இரங்கல் செய்தி போட்டார்கள். இதைச் சொன்னதும் சார் தன் சாமந்தியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

"எனக்கப்புறம் இதுக்கு யாரு சொட்டு எண்ணுவாங்க?" என்றார், யோசனையாக. பதில் சொல்லத் தெரியவில்லை.

சாப்பாட்டுக்குப் பின் தண்ணீர் மாற்றும் வேலை. வாரம் மூன்று லிட்டர். கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டார். எதற்கு இவ்வளவு என்றால், அந்த ஜோவாந்திடுப் பொத்தான்களில் சில இனங்களுக்குள் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. ஒட்டியிருக்கும் கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போட்டு, ஆவியை முகர்ந்து குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அழகைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று தன் மாணவர்களுக்குச் சொல்வாராம்; இடுக்கியைத் தொட அவர்களுக்கு அனுமதி இல்லை, உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை மட்டும் ஆளுக்கொரு முறை கண்ணில் வைத்துப் பார்க்கலாம்.

சின்னக் குழாயால் உறிஞ்சி மூன்று லிட்டர் எடுத்தார். முந்தின நாளே கலந்து, ஹீட்டர் போட்டு, ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்த புது நீரைச் சுவரோரமாக மெல்ல ஊற்றினார். ஜீனியா ஒரு நொடி கை நிறுத்தியது. பிறகு மறுபடியும் திறந்து மூடத் தொடங்கியது. அதுவரை அவர் மூச்சே விடவில்லை என்று நினைக்கிறேன்.

எடுத்த பழைய நீரை என்ன செய்வார்? கொல்லையில் ஊற்றினால் மண் பாழ், ஓடையில் விட்டால் கீழே குடிக்கிறவர்களுக்குத் துரோகம். வாளியோடு மொட்டைத் திட்டுக்குக் கூட்டிப் போனார். அகலமான இரண்டு பிளாஸ்டிக் தட்டுகள் வெயிலில் இருந்தன, மழைக்கு மூட ஒரு தகரம் பக்கத்தில். ஒன்றில் போன வாரத் தண்ணீர் சுண்டி, ஓரமெல்லாம் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. மூன்று லிட்டருக்கு நூறு கிராம் சொச்சம். ஜவ்வாது மலையின் ஒரே உப்பளம் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது, பாட்டியின் வெள்ளாடு ஒன்று திட்டில் ஏறி வந்து தட்டின் ஓரத்தை நக்கியது. தலையை ஒரு உதறு உதறியது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, திரும்பவும் குனிந்து நக்கத் தொடங்கியது.

"போ, போ" என்று சார் தகரத்தை எடுத்து மூடினார். "கசப்பும் சேர்ந்து இருக்கும் இதுல. மக்னீசியம்."