இடது கன்னத்துத் தழும்பு

ஜூன் 7, சனி
பீரோ கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, என்னையே வரைய உட்கார்ந்தாயிற்று. ஜன்னல் இடப்பக்கம். எச்.பி., 2பி, 4பி, 6பி பென்சில்கள், ஒரு பிசைகிற ரப்பர். பள்ளியில் லோயர் ஃப்ரீஹேண்ட் பரீட்சை எழுதிய தைரியம்தான்.

ஒரு மணி நேரத்தில் வந்தது நெற்றியே இல்லாத ஒரு ஆள். உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரிபாதியில் கண் இருக்க வேண்டும் என்பது தெரியாததா? தெரியும். ஆனாலும் கை கண்ணை மேலே ஏற்றிவிடுகிறது. நெற்றியில் பார்க்க ஒன்றுமில்லை என்று அதைச் சுருக்கிவிடுகிறோம் போலும். எனக்கோ வழுக்கை வேறு. நெற்றி எங்கே முடிகிறது என்பதே வழக்கு.

ஜூன் 8, ஞாயிறு
ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் தெரிந்த உச்சிக்கும் தாடைக்கும் சோப்பால் கோடு போட்டேன். அளந்தால் பதினொன்றரை சென்டிமீட்டர். என் தலையோ 23. நாலடி பின்னால் போய்ப் பார்த்தேன். கோடுகளுக்குள் அதே முகம் அப்படியே பொருந்துகிறது! பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் நான் இருக்கும் அதே தூரத்தில் நிற்கிறது; கண்ணாடி எப்போதும் நடுவழியில். அதனால் எங்கே நின்றாலும் பாதிதான். ஐம்பது வருஷமாக இந்தப் பாதி முகத்துக்குத்தான் சவரம் செய்திருக்கிறேன்.

"என்னங்க, பீரோவுல சோப்பு?" என்றாள் மனைவி. விளக்கினேன். துடைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 10, செவ்வாய்
மடியில் அட்டையை வைத்தது தப்பு. குனிந்து நிமிரும்போதெல்லாம் தலை இடம் மாறி, மூக்கு ஒரு பார்வையிலும் வாய் இன்னொரு பார்வையிலும் சேர்ந்துவிட்டன. இப்போது அட்டை நாற்காலி முதுகில், கண்ணாடிக்குப் பக்கத்திலேயே நிமிர்ந்து நிற்கிறது. ஸ்டூல் கால்களைச் சுற்றிச் சாக்பீஸ் வட்டம்.

பரீட்சைக்குப் பூச்சாடி வரைந்த பழக்கத்தில் நடுவே ஒரு கோடிழுத்து இரு பக்கமும் சமமாகப் போட்டிருந்தேன். முகம் பூச்சாடி இல்லை. ஒரு புருவம் நூலளவு மேலே. அதை அழித்துப் போட்டதும்தான் முதன்முதலாக யாரோ உள்ளிருந்து பார்த்தார்கள்.

ஜூன் 12, வியாழன்
இன்று நிழல் மட்டும். கண்ணை இடுக்கிப் பார்த்தால் சில்லறை விவரம் மறைந்து பெரிய இருட்டுகள் மட்டும் நிற்கும். மூக்குக்கு ஓரக்கோடு என்று ஒன்று இல்லவே இல்லை. ஒரு பக்க இருட்டு முடிகிற இடம்தான் மூக்கு. வெள்ளை விழியும் வெள்ளை இல்லை, இமையின் நிழல் அதன்மேல் விழுகிறது. அதை வெறும் தாளாக விட்டபோது பேயறைந்த மாதிரி இருந்தேன். 6பி-யை அழுத்தித் தேய்த்த இடம் கறுக்காமல் பளபளக்கிறது. அடக்கி வாசிக்க வேண்டும்.

ஓவியர் ட்யூரர் 1484-இல், சிறுவனாக இருக்கும்போதே, கண்ணாடி பார்த்துத் தன்னை வரைந்தார். வெள்ளி முனையால், பூச்சு பூசிய தாளில். அதில் போட்ட கோட்டை அழிக்க முடியாது. நான் இன்றைக்கு அரை ரப்பர் தீர்த்திருக்கிறேன்.

ஜூன் 14, சனி
"யாரைத் திட்டப் போறீங்க?" என்றாள் படத்தைப் பார்த்து. உற்றுப் பார்க்கிறவன் முகம் அப்படித்தான் இருக்கும்; சிரித்தபடி இரண்டு மணி நேரம் யாரால் உட்கார முடியும்? ஆனால் அவள் புகார் அதோடு நிற்கவில்லை. "உங்கள மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. கோணலா இருக்கு."

பத்து வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு எனக்கு இடது கன்னத்தில். படத்து ஆளுக்கு வலது கன்னத்தில். வான் கோ 1889-இல் கண்ணாடி பார்த்துத் தன்னை வரைந்த படத்திலும் கட்டு வலது காதில் இருக்கிற மாதிரிதான் தெரியும்; அவர் அறுத்துக்கொண்டது இடது காதை.

படத்தைத் தூக்கிக் கண்ணாடிக்குக் காட்டினேன். "ஆங், இப்ப நீங்கதான்" என்றாள் உடனே. எனக்கு அங்கே தெரிந்தவர் என் சித்தப்பா சாயலில் யாரோ ஒருவர். புருவம் தப்பான பக்கம் ஏறியிருந்தது. அவள் முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பது அந்த ஆளைத்தான்.

காது இன்னும் போடவில்லை. நாளைக் காலை வெயில் ஏறுமுன் உட்கார வேண்டும்.