தளிஞ்சிக்குப் போகும் ஜீப்

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு சாலையில் தெற்கே போனால், அமராவதி நகர் பக்கம் தாண்டியதும் தென்னந்தோப்புகள் குறைந்து காடு தொடங்கிவிடும். ஒன்பதாறு சோதனைச்சாவடியில் விவரம் சொல்லிவிட்டு ஏறினால் சின்னாறு வரை தார்ச்சாலைதான். தளிஞ்சிக்குப் போகிறவர்களுக்கு அதற்கப்புறம்தான் பயணமே ஆரம்பம். கல்லும் பள்ளமுமான காட்டு வழி. கூட்டாற்றில் வெள்ளம் வந்துவிட்டால் அதுவும் கிடையாது.

ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள், உடுமலை, அமராவதி வனச்சரகங்களில் குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு, கோடந்தூர், தளிஞ்சி என்று பல மலைக் கிராமங்கள் இருக்கின்றன. ஜீப் போகிற இடங்களில் காய் இறங்குவதும் ரேஷன் அரிசி ஏறுவதும் ஜீப்பில்தான். போகாத இடத்தில் தலைச்சுமை. பிரசவ வலி வந்த பெண்ணைத் தொட்டில் கட்டித் தூக்கி வந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

சில வருஷங்களுக்கு முன் விதைப் பைகளோடு தளிஞ்சிக்கு ஜீப்பில் போனேன். பாதி வழியில் பின்னால் 'டங்' என்று சத்தம். டிரைவர் இறங்கிக் குனிந்து பார்த்தார்.

"சாக் அப்சர்பர் பிடி அத்துப் போச்சுங்க சார். இந்த வருசத்துல மூணாவது தடவைங்க."

தொங்கியதைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஊர்ந்து போனோம். திரும்பும்போது ஏற்றிய காய் மூட்டைகள் உடுமலை வந்து சேர்ந்தபோது சந்தையில் ஏலம் முடிந்திருந்தது. மிச்சத்தை எடுத்தவர் சொன்னதுதான் விலை.

மறுநாள் பட்டறைக்கு நானும் போனேன். முன்பு இரண்டு முறையும் அறுந்த இடத்திலேயே வெல்டிங் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். இந்த மெக்கானிக் அறுந்த பிடியை விட்டுவிட்டு முதலில் பட்டையை எண்ணினார். பாரம் தாங்கட்டும் என்று கூடுதலாக ஒரு பட்டை போட்டிருந்தார்கள். அதனால் பின்பக்கம் உயர்ந்துவிட்டது. சாக் அப்சர்பர் மட்டும் பழைய நீளம். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பட்டை இன்னும் இறங்கும், சாக் அப்சர்பர் முழுசாக நீண்டு நின்றுவிடும். அப்போது ஆக்சிலின் கனமெல்லாம் ஒரு பின்னில் தொங்குகிறது. அந்தப் பின்னும் ஒரு பக்கம் மட்டும் பிடித்து, மறுபக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. பிடியில்லாத முனையை இழுத்தால் கடப்பாரை நெம்புவது மாதிரிதான்.

தடிமனான சாக் அப்சர்பர் போட்டால் கூடுதலாகப் பாரம் ஏற்றலாம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். பாரம் தாங்குவது பட்டை. பட்டையின் ஆட்டத்தை அடக்குவதுதான் சாக் அப்சர்பருக்கு வேலை.

அவர் செய்தது இதுதான். சேஸிஸைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, மேல் பிடிக்கும் கீழ் பிடிக்கும் இடைவெளி அளந்தார். பிறகு ஆக்சில் மேலே வந்து தடுப்பு ரப்பரில் முட்டுகிற நிலையில் இன்னொரு அளவு. முழுசாக நீளும்போது முதல் அளவைவிட நீளமாகவும், சுருங்கும்போது இரண்டாவது அளவைவிடக் குட்டையாகவும் இருக்கிற சாக் அப்சர்பராகப் பார்த்து வாங்கினார். மேல் பிடிக்கு இரண்டு தகடு வைத்து நடுவில் போல்ட், ஓரத்தில் முக்கோணத் தகடு முட்டு. சேஸிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் வெல்டிங் வைக்காமல், பக்கவாட்டில் உள்ளே ஒரு தகடு கொடுத்து போல்ட் போட்டு இறுக்கினார். சாக் அப்சர்பர் ரொம்பச் சாய்ந்தால் ஆட்டத்தை அடக்காது என்று கொஞ்சம் நிமிர்த்தியும் வைத்தார். பிரேக் பைப்பில் உரசுகிறதா என்று விரல் விட்டுப் பார்த்தார். புஷ் போல்ட்டைக் கடைசியாக, வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நின்ற பிறகுதான் இறுக்கினார். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியுமாம்.

தோட்டத்துப் பிக்கப்புக்குக் கூடுதல் பட்டை போட்டிருக்கிறவர்களும் இதே அளவை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

போன ஐப்பசியில் அதே ஜீப்பில் மறுபடி போனேன். பிடி அப்படியே இருந்தது. கூட்டாற்றில்தான் தண்ணீர் கூடியிருந்தது. டிரைவர் ஜீப்பை இக்கரையிலேயே நிறுத்திவிட்டார். தண்ணீர் வடியும்வரை விதைப் பைகள் மேல் உட்கார்ந்திருந்தோம்.