வெறுங்காலுக்குப் பின்னிய காலுறை

வில்கமுவவில் இருந்துகொண்டு டிசம்பரில் உல்லன் தொப்பி பின்னுகிறோம் என்றால் மாத்தளையில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்களே சிரிக்கிறார்கள். வெயிலுக்கும் யானைக்கும் பேர்போன ஊர் இது. மகாவலிக்கும் அம்பன் கங்கைக்கும் நடுவே கிடக்கிற, 1984இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட வஸ்கமுவக் காடு எங்களுக்குப் பக்கம்தான். ஆனால் சிரிக்கிறவர்கள் இங்கே ஒரு டிசம்பர் இரவைக்கூடக் கழித்ததில்லை. வடகீழ்ப் பருவமழை பிடித்துவிட்டால் வயலிலும் சேனையிலும் ஈரம் ஊறி நிற்கும். சோளம் கதிர் பிடித்ததும் யானை இறங்கும். பரணில் தீ மூட்டி விடியும்வரை காவல் இருக்கிற பக்கத்து வீட்டுக்காரருக்குக் காதை மூடுகிற தொப்பியின் அருமை தெரியும். சித்திரை வருடப் பிறப்புக்கு அவர்கள் வீட்டிலிருந்து கவுமும் கொக்கிஸும் வரும். கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டிலிருந்து தொப்பி போகும்.

நான் இங்கே சிங்களப் பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழியாகத் தமிழ் படிப்பிக்கிறேன். கிறிஸ்மஸ் பின்னலும் ஆண்டிறுதித் தவணைப் பரீட்சைத் தாள்களும் வருடந்தோறும் ஒன்றின் தலையில் ஒன்று விழும். அடுப்பில் சோறு கொதிக்கும்போது நாலு வரிசை, சின்னவன் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது நாலு வரிசை. வாய்ப்பாட்டில் பிழை பிடிக்கப் போனால் கண்ணிக் கணக்கு தவறும். கணவரோ, "கடையில வாங்கினா முடிஞ்சுது" என்பார். சொல்லிவிட்டு நூல்பந்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எனக்கு வரக் காரணம், நாங்கள் கம்பளி பின்னுகிற பரம்பரையே இல்லை என்பதுதான். எங்கள் ஆட்கள் கோப்பித் தோட்டக் காலத்தில் அக்கரையிலிருந்து வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து மாத்தளை வந்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்த கம்பளி, தோட்டத்தில் கொடுக்கிற முரட்டுப் போர்வை ஒன்றுதான். மழையில் அதைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் வேலை. அதுவும் சும்மா கிடைக்காது. அரிசியோடு சேர்த்துப் பற்றுக் கணக்கில் எழுதப்படும்.

தேடலை ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் பெரியம்மாவிடம் தொடங்கினேன். வில்கமுவவிலிருந்து லக்கலைப் பக்கமாக ஏறி ரிவர்ஸ்டன் கணவாயைத் தாண்டிப் போக வேண்டும். கீழே சட்டை ஒட்டுகிற புழுக்கம். மேலே மூடுபனியும் ஆளைத் தள்ளுகிற காற்றும். அந்தக் காற்று முகத்தில் அடித்ததுமே, பின்னல் மலைப்பக்கத்துச் சரக்கு என்பதும், எங்களோடு அது கீழே இறங்கி வந்திருக்கிறது என்பதும் விளங்கிவிட்டது.

"யாரு பெரியம்மா ஒங்களுக்குப் பின்னப் படிச்சுக் குடுத்தது?"

"எங்கம்மாதான், ஒன் அம்மாயி. அதுக்கு ஸ்கூல்ல உபதேசியார் சம்சாரம் சொல்லிக் குடுத்துச்சு."

மாமா விடவில்லை. "அதெல்லாம் இல்ல. எங்கம்மா பங்களாவுல ஆயா வேலை பாத்துச்சுல்ல, தொரசாணிதான் காட்டிக் குடுத்தது."

இரண்டும் நடக்கக்கூடியவைதான். துரைசாணிகள் பழைய சுவெட்டரை ஆயாக்களுக்குக் கொடுப்பதும், அதைப் பிரித்து நூலாக்கி லயத்தில் பிள்ளைக்குத் தொப்பி பின்னுவதும் மலைநாட்டில் அன்றைய வழக்கம். பெரியம்மாவின் முதல் ஊசிகள் உடைந்த குடையின் கம்பிகள். நுனியைக் கல்லில் தேய்த்து மழுக்கியது அவர்தான்.

வழக்கைத் தீர்த்தது பெட்டியிலிருந்து வந்த ஒரு பொருள். அம்மாயியின் தகரப் பெட்டிக்குள் பைபிளுக்கும் கல்யாணச் சேலைக்கும் நடுவே ஒரு காலுறை, ஒற்றையாக, என் உள்ளங்கை அளவுக்கு இருந்தது. கைக்குழந்தைக்குக்கூட ஏறாது. ஆனால் குதிகால் வளைவு அத்தனை ஒழுங்கு. காலுறை பின்னுவதில் கஷ்டமான இடமே அதுதான். நேராக ஓடுகிற குழாயை, கண்ணிகளைக் குறைத்தும் கூட்டியும், பாதத்துக்குத் திருப்ப வேண்டும். பெரியம்மா இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு அதைச் செய்வார். செருப்புக்கே வழியில்லாத லயத்தில் காலுறை போட்டது யார்?

ஒருவரும் போடவில்லை. அது காலுக்கென்று பின்னியதே அல்ல, பரீட்சைக்குப் பின்னியது. இங்கிலாந்தில் 1862இல் வந்த திருத்திய கல்வி விதிகள், பள்ளிக்கு மானியம் வேண்டுமானால் பெண்பிள்ளைகளுக்குத் தையல் கற்பித்தாக வேண்டும் என்றன. பின்னர் வந்த விதிகளில் எந்த வகுப்பில் எதைப் பின்ன வேண்டும் என்ற பட்டியலே உண்டு. காலுறையும் அதில் ஒன்று. நூலை மிச்சம் பிடிக்கப் பிள்ளைகள் எல்லாவற்றையும் பொம்மை அளவில் மாதிரியாகச் செய்து காட்டுவார்கள். மிஷன் பள்ளிகள் அந்தப் பாடமுறையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தன. துரைசாணி ஆயாவுக்குக் கற்றுக்கொடுத்திருந்தால் உபயோகமான எதையாவது கற்றுக்கொடுத்திருப்பார். உள்ளங்கைக் காலுறை பள்ளிக்கூடத்தின் கைரேகை. பெரியம்மா சொன்னதுதான் சரி.

அப்படியானால் உபதேசியார் சம்சாரத்துக்கு யார் கற்றுக்கொடுத்தது? இலங்கையில் நூல் வேலை என்றதும் காலிப் பக்கத்துப் பீரலு ரேந்தை நினைவுக்கு வரும். அது தலையணையில் குண்டூசி குத்தி, மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது, கருவியே வேறு. யாழ்ப்பாணத்தில் 1824இல் ஹரியட் வின்ஸ்லோ தொடங்கிய உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியும் தையல் கற்பித்ததுதான். ஆனால் மாத்தளைத் தோட்டங்களுக்கு வேதம் வந்த வழி வேறு. கோப்பித் துரைமார் சிலரும் சேர்ந்து முயன்று 1854இல் தொடங்கியது சர்ச் மிஷனரி சங்கத்தின் தோட்டத் தமிழர் மிஷன். அதற்கு உபதேசியார்கள் வந்தது திருநெல்வேலியிலிருந்து. அவர்களோடு அவர்கள் மனைவிமாரும், அந்த மனைவிமாரின் கையோடு ஊசியும் வந்தன என்பது என் தீர்மானம்.

அந்தத் தெற்குச் சீமையில் இதற்கொரு பெரிய கதை உண்டு. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தி, ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, இடையன்குடியில் அதே வேலையைத் தொடர்ந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். அவருடைய இலக்கணத்தைப் பற்றிப் பேசாத தமிழ் மேடை இல்லை; எலைசாவின் ஊசியைப் பற்றி எந்த மேடையில் பேசியிருக்கிறார்கள்?

பேச வேண்டிய விஷயம் அது. நாகர்கோவிலில் ரேந்தைக்குக் கூலி இருந்தது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே சில பெண்கள் ரேந்தைப் பணத்தைச் சேர்த்துத் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டார்கள். மிஷனரிகள் வழியாகவே ஆந்திரத்து நரசாப்பூருக்குப் போன குரோஷா வேலை வேறு மாதிரி முடிந்தது. மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வு நூலில், அங்கே பெண்கள் நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னி உலகச் சந்தைக்கு அனுப்பியதையும், அதை வீட்டுக்காரர்களும் வியாபாரிகளும் 'ஓய்வுநேரப் பொழுதுபோக்கு' என்றே சொன்னதையும் எழுதியிருக்கிறார். கூலி அந்தச் சொல்லுக்கு ஏற்ற அளவில்தான் இருந்தது.

மனிதர் பின்னியவற்றில் மிஞ்சிய பழைய பொருள்களில் காலுறைகளும் உண்டு என்பதைப் படித்தபோது அந்தத் தகரப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எகிப்திலிருந்து எடுத்த சிவப்புக் கம்பளிக் காலுறைகள் இருக்கின்றன. ஏறக்குறைய 1,600 ஆண்டுப் பழமை. வார்ச்செருப்பு போடுவதற்காகப் பெருவிரல் தனியாகப் பிரிந்திருக்கும். அவை ஒற்றை ஊசி வேலை. இரட்டை ஊசிப் பின்னல் அதே எகிப்தில் பல நூற்றாண்டு கழித்து, பருத்திக் காலுறைகளாகக் கிடைக்கிறது. ஆக, வெயில் நாட்டில் பின்னுவது ஒன்றும் கிறுக்குத்தனம் இல்லை. மாத்தளைச் சொந்தங்கள் கவனிக்க.

பரிசு கொடுக்கிற பழக்கத்துக்கும் ஒரு வேர் தட்டுப்பட்டது. பிரிட்டனில் தேவாலயப் பெண்கள் கூடி உட்கார்ந்து தைத்தும் பின்னியும், பெட்டி பெட்டியாக மிஷன் பள்ளிகளுக்கு அனுப்புவார்கள். கிறிஸ்மஸ் பரிசளிப்பில் சட்டையும் பொம்மையும் பையும் அந்தப் பெட்டியிலிருந்துதான் வரும். மேலேயிருந்து கீழே வருகிற தானம் அது. எங்கள் அம்மாயிமார் அதை மாற்றிவிட்டார்கள். மானியத்துக்காகக் கற்பித்த வேலையை, தானமாக வாங்கிய பண்டிகையோடு சேர்த்து, லயத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தொப்பியாகக் கொடுத்தார்கள். அந்தக் கடைசிப் பகுதியை எந்த மிஷனும் கற்றுத்தரவில்லை. அது எங்கள் பெண்களுடையது.

அது இலவசமாக வந்ததும் இல்லை. பகலெல்லாம் கொழுந்து பறித்து, இரவில் குப்பி விளக்கில் பின்னிய மணி நேரத்தை எந்தக் கணக்கப்பிள்ளையும் செக்ரோல் பதிவேட்டில் எழுதவில்லை. வீட்டு ஆண்களும் எழுதவில்லை. இன்றைக்கு இந்தப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் 1978இல் திறந்த கட்டுநாயக்க வர்த்தக வலயம்வரை போய்த் தைக்கிறார்கள். ஐரோப்பியக் கடைகளின் கிறிஸ்மஸ் உடுப்பை நடு வருடத்திலேயே முடித்துவிடுகிறார்கள். அங்கே நிமிடத்துக்கும் கணக்கு உண்டு. வீட்டில் பின்னுகிறவளின் கணக்கு மட்டும் இன்னும் 'சும்மா இருக்கிற நேரம்' என்றே ஓடுகிறது. அது சும்மா இருக்கிற நேரம் அல்ல, தூக்கத்திலிருந்து வெட்டி எடுத்த நேரம்.

மலைநாட்டில் பழைய தகரப் பெட்டி இருக்கிற வீட்டார் தயவுசெய்து ஒரு முறை திறந்து பாருங்கள். பொம்மை அளவில் காலுறையோ, மடிப்புத் தையல் பழகிய துணித்துண்டோ அகப்பட்டால் குப்பையில் போடாதீர்கள். பின்னியவர் பெயர், கற்றுக்கொடுத்தவர் பெயர், தோட்டம், டிவிசன், வருடம் ஆகியவற்றைத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள்.