சித்தப்பாவுக்கு ஒரு பச்சை பட்டன்

விபிஎஸ் வாங்கினா கன்ட்ரோல் பேனல் வேணுமா, வேணாமா? சொந்த டொமைன், சொந்த சர்வர்னு குடி போன நம்ம பதிவர்கள் எல்லாருக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும். ரெண்டு வருசம் முன்னாடி கேட்டிருந்தா, "கறுப்புத் திரை இருக்க பேனல் எதுக்கு?"ன்னு காலரைத் தூக்கி விட்டிருப்பேன். இஞ்சினியர்ல :-)

காலரை இறக்கினது பட்டுக்கோட்டையில இருக்கற என் சித்தப்பா.

2018 நவம்பர் 16 கஜா புயல்ல எங்க பக்கம் தென்னந்தோப்பு எல்லாம் படுத்துப் போனது உங்களுக்குத் தெரியும். மறுபடி கன்னு வச்ச கதையை, எந்த ரகம் நின்னுச்சு, எதுல வண்டு விழுந்துச்சுன்னு சித்தப்பா எழுத ஆரம்பிச்சார். பேராவூரணி, முத்துப்பேட்டைப் பக்கமிருந்து கன்னு கேட்டு அது வழியாத்தான் ஆள் வரும். ஓசி இடம் போதலைன்னு, ஒரு ஜிபி ராம் உள்ள விபிஎஸ்ல நான் தான் ஏத்தி வச்சேன். பேனல் எதுவும் போடலை. சாவி என்கிட்ட மட்டும்.

போன ஐப்பசியில எனக்குக் காய்ச்சல். சென்னை ரூம்ல ரெண்டு நாள் போனை அணைச்சுட்டுப் படுத்துட்டேன். எழுந்து பார்த்தா சித்தப்பாகிட்டேருந்து பதினோரு மிஸ்டு கால்.

"சைட்டுல இங்கிலீசுல ஒத்த வரி தான் தெரியுது தம்பி. கன்னு நடற நேரம், போன் பண்றவன் எல்லாம் கடையை மூடிட்டியான்னு கேக்குறான்."

லாக் ஃபைல் பெருத்து டிஸ்க் நிரம்பி, மைஎஸ்கியூஎல் நின்னு போயிருந்தது. பத்து நிமிச வேலை. முடிச்சிட்டுப் பெருமையா சொன்னேன். அவர் கோவப்படலை.

"மோட்டார் கொட்டாய்ல பச்சை பட்டன் ஒண்ணு, செவப்பு பட்டன் ஒண்ணு இருக்கு. காயில் எரிஞ்சா மெக்கானிக்கைக் கூப்பிடுறேன். ஆனா மோட்டார் ஓடுதா இல்லியான்னு தெரிஞ்சுக்கறதுக்கே அவன் வரணும்னா, அது யாரு மோட்டாருப்பா?"

பதில் இல்லை என்கிட்ட.

சரி, உடனே ஒரு பேனலைப் போட்டுடலாமா? அங்க தான் ஒரு விசயம். பேனல்னு நாம சொல்றது ரெண்டு வேற சாமான். ஒண்ணு, ஹோஸ்டிங் கம்பெனி குடுக்கறது: சர்வரை நிறுத்த, ஓட்ட, ஸ்னாப்ஷாட் எடுக்க. சர்வருக்கு வெளியே இருக்கறது. இன்னொண்ணு, சிபேனல் மாதிரி சர்வருக்கு உள்ளேயே நாம ஏத்தறது: டொமைன், மெயில், டேட்டாபேஸ் பார்க்க. இந்த ரெண்டாவது நம்ம ராம்ல பாதியைத் தின்னும். 2019-ல சிபேனல் கணக்குக்கு இத்தனைன்னு விலையை மாத்தினப்போ நிறைய பேர் இலவச பேனலுக்கு ஓடினாங்க.

இலவசமோ காசோ, பேனல்ங்கறது இன்னொரு வாசல். 2024 அக்டோபர்ல சைபர்பேனல்ல ஒரு ஓட்டை வெளிய வந்தது. பாஸ்வேர்டே இல்லாம உள்ள புகுந்து ஆயிரக்கணக்கான சர்வர்கள்ல ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்டாங்க.

முதல் வகையும் தப்பலை. பெங்களூர்ல எல்எக்ஸ்லேப்ஸ்னு ஒரு சின்ன கம்பெனி ரெண்டு வகையுமே செஞ்சது: வெளிப் பேனல் ஹைப்பர்விஎம், உள் பேனல் க்ளாக்ஸோ. 2009 ஜூன்ல பிரிட்டன்ல விஏசர்வ்ங்கற ஹோஸ்டிங் நிறுவனத்துல சுமார் 1,00,000 தளங்கள் அழிஞ்சப்போ, ஹைப்பர்விஎம் ஓட்டை வழியா வந்தாங்கன்னு அந்த நிறுவனம் சொன்னது. சொந்தமா பேக்கப் எடுக்காத பல பேருக்கு எதுவும் திரும்பக் கிடைக்கலை. எல்எக்ஸ்லேப்ஸை ஆரம்பிச்சவர் அதே வாரம் இறந்துபோனார். என்னை விடச் சில வயசு தான் மூத்தவர். அதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

அதனால இப்போ என் கட்சி இது. பத்துப் பேருக்கு இடம் பிரிச்சு, மெயில் குடுத்து நடத்தறவங்களுக்கு உள் பேனல் வேணும். அப்டேட் தவறாம போடணும், அந்த வாசலை ஊருக்கே திறந்து வைக்கக் கூடாது. ஒரே ஒரு தளம் வச்சிருக்கறவங்களுக்கு அது வேணாம். ஆனா ராத்திரி யார் தவிக்கப் போறாங்களோ, அவங்க கையில ரெண்டு பட்டனாவது இருந்தே ஆகணும்.

சித்தப்பாவுக்குக் கம்பெனி பேனல்ல தனி லாகின் போட்டேன், போன்ல ஓடிபியோட. ஓட்டலாம், நிறுத்தலாம், நேத்திய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பலாம். டிஸ்க் 80 சதவீதம் தாண்டினா ரெண்டு பேருக்கும் மெயில் வரும். பேக்கப் தினம் வேற இடத்துக்குப் போகுது. மத்ததெல்லாம் ஒரு தாள்ல தமிழ்ல எழுதிக் குடுத்தேன். பீரோவுல தோப்புப் பத்திரத்தோட சேர்த்து வச்சிருக்கார்.

போன வாரம் போன். "தம்பி, எண்பது தாண்டிடுச்சாம். நீ பாக்கறியா, இல்ல நான் செவப்பை அமுக்கவா?"

ஐயோ, அமுக்காதீங்க சித்தப்பா!

டிஸ்கி: சர்வர் வச்சிருக்கற மக்களே, உங்க தாள் யார் வீட்டு பீரோவுல இருக்கு? பின்னூட்டத்துல சொல்லுங்க. பாஸ்வேர்டை இல்லை :-)