அயிரையும் மணலும்

எங்கள் பாடசாலையின் விஞ்ஞான அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் வண்ண மீன்கள் இல்லை. கெலிஓயாவில் மகாவலிக் கரையோரம் மாணாக்கர் பிடித்து வந்த அயிரைகள் இருக்கின்றன. விரல் நீளங்கூட இல்லாத, மண்ணின் நிறமே கொண்ட மீன்கள். தன் ஊர் ஆற்றில் வாழும் உயிரை அறியாத மாணவனுக்குத் தூர தேசத்து மீனைக் காட்டிப் பயன் என்ன என்று எண்ணியே இவற்றை வளர்க்கத் தலைப்பட்டேன்.

முதல் முயற்சி தோல்வியாயிற்று. அழகு கருதிக் கடையில் வாங்கிய கூரிய வண்ணக் கற்களைத் தொட்டியில் பரப்பினேன். அயிரைகள் அடிக்கடி மேலே விரைந்து வந்து, ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழிறங்கின. விளையாட்டென்று எண்ணி ரசித்தோம். விளையாட்டன்று அது. தேங்கிய நீரில் பிராணவாயு குறையும்போது இம்மீன் காற்றை விழுங்கிக் குடலாலும் சுவாசிக்கும். ஓர் உயிரின் மூச்சுத் திணறலைக் கண்டல்லவா நாங்கள் கைகொட்டினோம்! பத்து நாட்களுக்குள் வாயைச் சுற்றியுள்ள மெல்லிய மீசைகள் தேய்ந்து, வயிற்றில் புண் கண்டு, நான்கு மீன்கள் மாண்டன.

மகனைப் பற்றி விசாரிக்க வந்த தந்தையொருவர் தொட்டியை உற்று நோக்கினார். மகாவலியில் மூழ்கி மணல் அள்ளும் தொழிலாளி அவர். “ஐயா, இது கல்லுல கெடக்கிற மீன் இல்லீங்க. மணலுக்குள்ள படுத்துக்கிட்டுக் கண்ண மட்டும் வெளிய காட்டும். சிங்களத்துல அஹிராவாம்பாங்க” என்றார். மறுநாள் ஒரு வாளி நுண்மணலை அவரே சுமந்து வந்தார். அதைக் கழுவிப் பரப்பினோம். நீரில் காற்றுச் செலுத்தும் குழாயையும் பொருத்தினோம். எஞ்சிய மீன்களை விட்டதும் அவை மணலுள் புதைந்து மறைந்தன.

‘அயிர்’ என்றால் நுண்மணல். அயிரையின் பெயர் அதிலிருந்தே பிறந்தது என்று எனக்குப் படுகிறது. 335 கிலோமீற்றர் ஓடும் மகாவலியின் பெயருக்கும் சிங்களத்தில் பெருமணல் ஆறு என்பதே பொருள். ஆசிரியனாகிய நான் சொல்லை அறிந்திருந்தேன். பொருளை அவர் அறிந்திருந்தார்.

அப்போது ஒரு மாணவி கேட்டாள்: “மணலையெல்லாம் அள்ளிவிட்டால் அயிரை எங்கே போகும்?”

அறை அமைதியாயிற்று. அவர் தலை கவிழ்ந்தவாறே, “அள்ளாட்டி நாங்க எங்க போறது, மகளே?” என்றார்.

அவர்மீது குற்றம் சுமத்துதல் எளிது. மணல் போனால் ஆற்றின் அடி ஆழமாகிறது, கரை சரிகிறது, அயலிலுள்ள கிணறுகளின் நீர் இறங்குகிறது என்பனவெல்லாம் உண்மையே. ஆயின், 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டம் வேண்டும் அனுமதிப்பத்திரம் அவர் பெயரில் இல்லை. லொறி அவருடையதன்று, அம்மணலால் எழும் மாடி வீடும் அவருடையதன்று. மணல் குறையக் குறைய அவர் மேலும் ஆழமாக மூழ்க வேண்டும்; மூச்சுக்காக மேலே வரவேண்டும். மீனின் வீட்டைப் பறிக்கும் அதே வாணிகம் இம்மனிதரின் மூச்சையும் விலை பேசுகிறது.

இரு கேள்விகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதினேன். ஒன்றை அழித்துவிட்டு மற்றதற்கு விடை காண இயலாது. அன்றைய பாடம் அதுவே. விடை இன்னும் எழுதப்படவில்லை. மாணாக்கர் அவற்றைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.